திவான் மாதவராவ்

ஆனித் திங்கள் பிறந்ததும் மேல்காற்று எழும். மலையாளக் கரையிலே மழை பொழிந்த முகில்கள் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கிழக்கு நோக்கி வரும். அப்போது குற்றாலத்தில் சாரல் தூறும். அருவிகள் ஆரவாரித்து வீழும். தென்காசி, செங்கோட்டை வயல்களும் குளிர்ந்து தழைக்கும். காற்று வரும் அவ்வழியிலேயே பண்டுதொட்டு வணிகரும் வந்து போயினர். கிழக்கிலிருந்து பருத்தித் துணியும் புகையிலையும் மேற்கே சென்றன. மேற்கிலிருந்து மிளகும் பாக்கும் தேங்காயும் கிழக்கே வந்தன.

ஆயினும் காற்றுக்கு இருந்த உரிமை சரக்குக்கு இல்லை. தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயர் ஆண்ட திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தன. தென்காசிக்கு எட்டுக் கிலோமீட்டர் மேற்கே உள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இரு நாட்டுக்கும் இடைப்பட்ட வழிகளில் சுங்கச் சவுக்கைகள் நின்றன. வண்டிக்காரன் ஒவ்வொரு மூட்டைக்கும் தீர்வை செலுத்த வேண்டும். மிளகு பயிரிட்டவன் அதனை அரசுக்கே விற்க வேண்டும். புகையிலை வேண்டுவோன் அரசிடமே வாங்க வேண்டும். மறைத்துக் கொண்டுசென்றால் தண்டனை உண்டு.

நெடுங்காலமாக இருந்துவந்த இத்தடைகளைப் படிப்படியாக நீக்கியவர் ஓர் அமைச்சர். அவர் படை நடத்தியவர் அல்லர். கணக்கேடும் எழுதுகோலுமே அவர்தம் கருவிகள். அவரே தஞ்சாவூர் மாதவராவ் என்பவர். சர் டி. மாதவராவ் என்று வரலாற்று நூல்கள் அவரைக் குறிக்கும்.

திவான் என்னும் பதவி

மாதவராவ் வகித்த பதவிக்குத் திவான் என்று பெயர். அரபு மொழியிலும் பாரசீக மொழியிலும் வழங்கிய இச்சொல் முதலில் பதிவேட்டைக் குறித்தது. பின்னர் அப்பதிவேடு வைக்கப்பெற்ற அரசு அலுவலகத்துக்கு ஆயிற்று. நம் நாட்டிலே அவ்வலுவலகத்தின் தலைவரையே குறிக்கலாயிற்று. மன்னராட்சி நிலவிய நாடுகளில் திவானே முதலமைச்சர்.

இக்காலத்தில் நம் நாட்டு முதலமைச்சரும் தலைமையமைச்சரும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் நம்பிக்கையால் பதவியில் இருக்கின்றனர். மன்னரின் சமத்தானங்களில் நிலைமை வேறு. மன்னர் விரும்பினால் திவான் வருவார். மன்னர் மனம் மாறினால் திவான் போவார். இன்றும் சோர்தான் முதலான அரபு முடியாட்சி நாடுகளில் தலைமையமைச்சரை நியமிக்கும் உரிமை மன்னரிடமே உள்ளது. இத்தகைய பதவியில் இருப்பவர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மன்னர் மகிழ நடந்தால் மக்கள் வாடக்கூடும். மக்கள் நலத்தையே கருதினால் மன்னர் சினக்கக்கூடும். இரண்டுக்கும் இடையே நேர்வழியில் நடந்தவர் சிலரே. அவருள் மாதவராவ் ஒருவர்.

இளமையும் கல்வியும்

மாதவராவ் 1828ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20ஆம் நாள் கும்பகோணத்தில் பிறந்தார். மராத்தி மொழி பேசும் அவர்தம் முன்னோர் தஞ்சைத் தரணியில் நெடுநாளாகக் குடியேறி வாழ்ந்தவர். அக்குடும்பத்துக்கு அரசியல் அலுவல் புதிதன்று. தந்தையார் ரங்கராவும், பெரியதந்தை முறையினரான வேங்கடராவும் திருவிதாங்கூரில் திவான்களாக இருந்தவர்களே. ஆனால் தந்தையாரின் பதவி மைந்தர்க்குத் தானாக வந்துவிடவில்லை. கல்வியே அவருக்கு வாயிலைத் திறந்தது.

சென்னையில் அரசினர் உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. அதுவே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. பவல் என்னும் ஆங்கிலேயர் அதன் தலைமையாசிரியர். மாணவர்பால் மாறாத அன்பு கொண்ட அவரிடம் மாதவராவ் பயின்றார். கணக்கிலும் இயற்கை அறிவியலிலும் அவருக்கு அளவிறந்த ஈடுபாடு இருந்தது. மூங்கிற் குழாயில் கண்ணாடி வில்லைகளைப் பொருத்தித் தொலைநோக்கி செய்து வானத்து மீன்களை நோக்கி மகிழ்ந்தார் என்று அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1846ஆம் ஆண்டில் உயர்ந்த சிறப்போடு தேறினார். பவல் விடுப்பில் இருந்த காலத்தில் அவருக்குப் பதிலாகக் கணக்கும் இயற்பியலும் கற்பித்தார். பின்னர்ச் சென்னை மாகாணத் தலைமைக் கணக்கர் அலுவலகத்தில் பணியேற்றார். எதனையும் எண்ணாலும் அளவாலும் அறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும் என்னும் பழக்கம் இவ்விடங்களில் அவருக்கு வேரூன்றியது.

இளவரசர்க்கு ஆசிரியர்

1849ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரச குடும்பத்து இளவரசர்களுக்குக் கல்வி கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டப்பெற்றார். இருபத்தோராம் அகவையில் இருந்த மாதவராவ் அப்பணியை ஏற்றுத் திருவனந்தபுரம் சென்றார். ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள் என்னும் இளவரசர் இருவரும் நான்காண்டுகள் அவரிடம் பயின்றனர். முன்னவர் பிற்காலத்தில் மாதவராவைத் திவானாகக் கொண்டு அரசாண்டார். பின்னவர் கல்வியிலும் எழுத்திலும் சிறந்து தாமும் ஒருகாலத்தில் அரியணை ஏறினார்.

ஆசிரியப் பணி முடிந்ததும் மாதவராவ் வருவாய்த் துறையில் சேர்ந்தார். விரைவில் தெற்குப் பகுதிக்குத் திவான் பேஷ்காராக உயர்ந்தார். பேஷ்கார் என்பவர் இக்கால மாவட்ட ஆட்சியரைப் போன்றவர். கொள்ளையர் தொல்லையும் அலுவலரின் கையூட்டும் மிகுந்திருந்த அப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று முறையீடுகளை நேரிற் கேட்டுச் சீர்செய்தார். 1857ஆம் ஆண்டின் இறுதியில் திவான் கிருஷ்ணராவ் காலமானார். அப்பொறுப்பு மாதவராவிடம் ஒப்படைக்கப்பெற்றது. 1858ஆம் ஆண்டில் அவரே திவானாக உறுதி செய்யப்பெற்றார். அப்போது அவருக்கு முப்பது அகவை நிறையவில்லை.

தாழ்ந்து கிடந்த நாடு

இளந்திவான் ஏற்ற பொறுப்பு மலர்ப்படுக்கையாக இல்லை. கருவூலம் வறண்டிருந்தது. அலுவலர்க்கும் படைஞர்க்கும் ஊதியம் நிலுவையில் நின்றது. கோயிற் கருவூலத்திலிருந்து வாங்கிய கடனும் தீரவில்லை. 1805ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் ஆண்டுதோறும் எட்டு இலட்சம் ரூபாய் ஆங்கிலக் கும்பெனிக்குக் கப்பமாகச் செலுத்த வேண்டியிருந்தது. அதுவும் நாள் தவறியது.

கப்பம் தவறினால் நேர்வது யாது என்பதை அக்காலத்தில் அறியாதார் இலர். டல்கௌசிப் பிரபு இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த ஆண்டுகளில் சமத்தானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கும்பெனி ஆட்சியில் கலந்தன. 1848ஆம் ஆண்டில் சாத்தாரா மறைந்தது. 1854ஆம் ஆண்டில் நாகபுரி மறைந்தது. 1855ஆம் ஆண்டில் மாதவராவின் சொந்த மண்ணாகிய தஞ்சையின் அரசுரிமையும் முடிவுற்றது. 1856ஆம் ஆண்டில், ஆட்சி சரியில்லை என்னும் காரணங்காட்டி, அயோத்தி நாடு பறிக்கப்பெற்றது. திருவிதாங்கூருக்கும் எச்சரிக்கை வந்திருந்தது. கணக்குச் சீர்படாவிடில் நாடே கைவிட்டுப் போகும் என்பது வெறும் அச்சமாக இருக்கவில்லை.

இவ்வாறு கருவூலம் வறண்ட காலத்தில் எளிதில் தோன்றும் வழி வரியை உயர்த்துதல். மாதவராவ் அதனை விரும்பவில்லை. வரி மிகுந்தால் தொழில் குன்றும். தொழில் குன்றினால் வரியும் குன்றும் என்பதை அவர் கணக்கிட்டு உணர்ந்திருந்தார். ஆதலின் குடிகளை இறுக்கிய கட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினார்.

சுங்கத் தடை நீங்குதல்

முதற்கண் மிளகை நோக்கினார். மிளகுக் கொடியை வளர்த்தவன் குடியானவன்; விலையை வைத்தது அரசு. விலை குறைவாக இருந்தமையால் சிலர் பயிரையே கைவிட்டனர். சிலர் இரவில் மலை கடந்து மறைவாக விற்றனர். அவரைப் பிடிக்கக் காவலர் வேண்டியிருந்தது. காவலர்க்கு ஊதியமும், அவரைக் கண்காணிக்க மேலலுவலரும் வேண்டியிருந்தனர். இவ்வளவும் செய்து கிடைத்த ஊதியமோ சிறிது. 1860ஆம் ஆண்டில் மிளகின்மீது அரசு கொண்டிருந்த தனியுரிமை நீக்கப்பெற்றது. குடியானவன் தன் மிளகை விரும்பியவர்க்கு விற்கலாம். ஏற்றுமதியாகும்போது தீர்வை மட்டும் செலுத்தினாற் போதும் என்றாயிற்று.

புகையிலையில் இத்துணை விரைவு காட்ட இயலவில்லை. அது அரசுக்குப் பெருவருவாய் தந்த பொருள். ஒரே நாளில் அதனை விட்டுக்கொடுத்தால் கருவூலம் தாங்காது. ஆகவே விலையைப் படிப்படியாகக் குறைத்து, 1863ஆம் ஆண்டில் தனியுரிமையைக் கைவிட்டு, வணிகர் தீர்வை செலுத்தித் தாமே கொண்டுவர இடந்தந்தார். விலை குறையவே கள்ளக் கடத்தல் குறைந்தது. கடத்தல் குறையவே நேர்வழி வணிகம் பெருகியது. குடிகளை அரித்த சில்லறை வரிகள் பலவும் ஒழிந்தன. அவ்வாண்டிலேயே நாட்டின் பழங்கடன் முழுவதும் தீர்ந்தது.

மூன்றாவதாக எல்லைச் சவுக்கைகளின் முறை வந்தது. இது திருவிதாங்கூர் தனித்துச் செய்யத்தக்க செயல் அன்று. ஆங்கில அரசும் அண்டையிலுள்ள கொச்சி அரசும் இசைய வேண்டும். நெடிய கடிதப் போக்குவரத்துக்குப் பின் 1865ஆம் ஆண்டில் மூன்று அரசுகளுக்கும் இடையே வணிக உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி இந்நாடுகளுக்கிடையே தரைவழியாகவும் கடல்வழியாகவும் செல்லும் சரக்குகளுக்குப் பெரும்பாலும் தீர்வை நீங்கியது. உப்பு, புகையிலை முதலிய சில பொருள்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு நின்றது.

தென்காசிச் சந்தைக்கும் செங்கோட்டைச் சந்தைக்கும் இடையே இருந்த கண்ணுக்குத் தெரியாத மதில் இவ்வாறு தளர்ந்தது. மலைவழியின் போக்குவரவு பின்னும் வளர்ந்தது. 1877ஆம் ஆண்டில் புனலூரில் கல்லடையாற்றின்மீது தொங்குபாலம் முற்றுப்பெற்றது. 1904ஆம் ஆண்டில் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்குப் புகைவண்டி வந்தது. இவை மாதவராவ் திருவிதாங்கூரை விட்டு நீங்கிய பின் நிறைவேறியவை. எனினும் சரக்கு தடையின்றிச் செல்லும் என்னும் உறுதி முன்னரே ஏற்பட்டிராவிடில் பாலமும் இருப்புப்பாதையும் இத்துணைப் பயன் தந்திரா.

உழவர்க்கு உரிமை

வணிகர்க்குச் செய்ததினும் உழவர்க்குச் செய்தது பெரிது. திருவிதாங்கூரில் அரசுக்குச் சொந்தமான பாட்ட நிலங்கள் மிகப் பலவாக இருந்தன. அவற்றைத் தலைமுறை தலைமுறையாக உழுதவரும் உரிமையற்ற குத்தகைக்காரராகவே கருதப்பெற்றனர். இன்று பண்படுத்திய நிலம் நாளைத் தன்னுடையதாக இருக்குமோ இராதோ என்று ஐயுறுபவன் கிணறு வெட்டுவானா? தென்னங்கன்று நடுவானா? 1865ஆம் ஆண்டு சூன் திங்களில் அரச அறிக்கை ஒன்று வெளிவந்தது. அதன்படி அந்நிலங்களை உழுதோர்க்கு முழு உரிமை கிட்டியது. அவர் அவற்றை விற்கலாம்; அடகு வைக்கலாம்; மக்களுக்கு விட்டுச்செல்லலாம். அரசுக்குரிய வரியைத் தவறாது செலுத்தினாற் போதும். 1867ஆம் ஆண்டில் மற்றோர் அறிக்கை வந்தது. செலுத்த வேண்டியவற்றைச் செலுத்திவரும் குடியானவரைத் தனியார் நிலத்து ஜன்மிகள் தம் விருப்பம்போல் வெளியேற்றுதல் கூடாது என்று அது தடுத்தது.

இவ்விரண்டிலும் மாதவராவின் உள்ளக் கருத்து விளங்கும். ஒரு நல்ல திவான் இருக்கும்வரை உழவன் அச்சமின்றி வாழ்தல் போதாது. அடுத்த திவான் எத்தகையவராயினும் அவன் அச்சமின்றி வாழ வேண்டும். அதற்கு அருள் மட்டும் போதாது. எழுத்தில் அமைந்த சட்டம் வேண்டும். ஆதலின் தாம் செய்த ஒவ்வொன்றையும் அறிக்கையாகவும் விதியாகவும் எழுதி வைத்தார். ஆண்டுதோறும் ஆட்சி அறிக்கை அச்சிட்டு வரவும் செலவும் யாவரும் அறியச் செய்தார். நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தினார். குறைந்த ஊதியம் பெற்ற அலுவலர்க்கு ஊதியத்தை உயர்த்தி, அதன்பின் கையூட்டைக் கடிந்தார்.

தலைநகரில் தலைமைச் செயலகம் பார்ட்டன் என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் எழுந்து 1869ஆம் ஆண்டில் நிறைவுற்றது. மகாராசா கல்லூரியும், வட்டந்தோறும் தாய்மொழிப் பள்ளிகளும், மருத்துவமனையும் அக்காலத்தில் தோன்றின. 1866ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அவருக்குச் சர் என்னும் பட்டம் வழங்கியது.

நிறைவு பெறாத ஒன்று

ஒருவர் வரலாற்றைக் கூறும்போது நிறையோடு குறையையும் கூறுதல் நடுநிலைமையாகும். மாதவராவ் பதவியேற்ற தொடக்கத்திலேயே தென்திருவிதாங்கூரில் பெருங்கலகம் மூண்டது. நாடார் முதலிய சமூகத்துப் பெண்டிர் மார்பையும் தோளையும் மறைத்து ஆடை அணிதலாகாது என்று அந்நாளில் வழக்கம் ஒன்று இருந்தது. மானத்தோடு வாழ விரும்பிய அப்பெண்டிர் அக்கொடிய வழக்கத்தை ஏற்க மறுத்துத் தோள்சீலை அணிந்தனர். மேற்குலத்தார் எனப்பட்டோர் சினந்து தாக்கினர், வீடுகள் எரிந்தன.

திவான் முதலில் இருதரப்பாரையும் அமைதி காக்குமாறு எச்சரித்தாரேயன்றி, உரிமை யார் பக்கம் என்பதைத் துணிந்து கூறவில்லை. பழைய வழக்கத்தை மீறினால் மேற்குலத்தார் கொதித்தெழுவர் என்று அஞ்சினார். சென்னை ஆளுநர் டிரெவெலியன் வற்புறுத்திய பின்னரே, 1859ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26ஆம் நாள், மேலாடை அணியலாம் என்னும் அரச அறிக்கை வெளிவந்தது. அப்போதும் மேற்குலப் பெண்டிர் அணிவது போன்றே அணிதலாகாது என்னும் கட்டு அதில் இருந்தது. போராடிய பெண்டிரின் துணிவே இவ்வுரிமையைப் பெற்றுத் தந்தது. திவானின் பங்கு அதில் தயக்கமுடையதே. மிளகின் கட்டை விரைந்து அவிழ்த்த கை, மானத்தின் கட்டை அவிழ்க்கையில் நடுங்கியது என்பதை நாம் மறத்தலாகாது.

பதவி துறத்தல்

நாடு செழித்தது. திருவிதாங்கூர் மாதிரிச் சமத்தானம் என்னும் பெயர் பெற்றது. ஆயினும் மன்னர்க்கும் திவானுக்கும் இடையே இருந்த அன்பு சிறிது சிறிதாகத் தேய்ந்தது. திவானின் புகழ் வளர்வதைப் பொறாத சிலர் அரண்மனையில் இருந்தனர். ஒருகாலத்தில் ஆசிரியராக இருந்தவர் இன்றும் ஆசிரியராகவே தோன்றுகின்றார் என்னும் எண்ணமும் மன்னர் உள்ளத்தில் எழுந்திருத்தல் கூடும். 1872ஆம் ஆண்டில் மாதவராவ் பதவியைத் துறந்தார். பூசலிட்டு நிற்கவில்லை, ஆங்கில அரசின் துணை கொண்டு மன்னரை எதிர்க்கவும் இல்லை. அவ்வாண்டிலேயே அவர்தம் மாணாக்கராகிய விசாகம் திருநாள் தம் ஆசிரியரின் ஆட்சித்திறனைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். ஆசிரியர் பெறத்தக்க பரிசில்களுள் இதனினும் உயர்ந்தது யாது?

இந்தூரும் பரோடாவும்

திறமுடையார்க்கு ஓய்வு எளிதிற் கிட்டுவதில்லை. இந்தூர் மன்னர் துக்கோசிராவ் ஓல்கர் வேண்டியதற்கிணங்க 1873ஆம் ஆண்டில் அந்நாட்டின் திவானாகி இரண்டாண்டுகள் பணிபுரிந்தார். அதற்குள் மேற்கிந்தியாவிலிருந்து அதனினும் கடினமான அழைப்பு வந்தது.

பரோடா நாட்டை அப்போது மல்கார்ராவ் கெய்க்வாட் ஆண்டுவந்தார். அவர் ஆட்சியில் குடிகள் பெரிதும் அல்லலுற்றனர். அங்கிருந்த ஆங்கிலப் பிரதிநிதிக்கு நஞ்சூட்ட முயன்றார் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. அதனை ஆராய்ந்த குழுவினர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எனினும் 1875ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அவரைப் பதவியினின்று நீக்கியது. முன்னை மன்னரின் தேவியாகிய சம்னாபாய் அவ்வாண்டு மே திங்களில் ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். நாசிக்குப் பக்கத்தில் கவலாணா என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் வளர்ந்த அச்சிறுவனுக்கு அகவை பன்னிரண்டு. சயாசிராவ் என்னும் பெயரோடு அவன் அரசனாக்கப் பெற்றான். அவன் வளரும்வரை நாட்டை நடத்தும் பொறுப்பு மாதவராவிடம் வந்தது.

அங்கும் அவர் பழைய வழியையே பின்பற்றினார். வரி தண்டும் உரிமையை ஏலத்தில் எடுத்துக் குடிகளைக் கசக்கிய இடைத்தரகரை நீக்கினார். அரண்மனையின்மீது நகை வணிகரும் பிறரும் கூறிய கடன்களை ஆராய்ந்து தீர்த்தார். நீதிமன்றங்களையும் பள்ளிகளையும் அமைத்தார். 1881ஆம் ஆண்டில் பரோடாக் கல்லூரி தோன்றியது. 1877ஆம் ஆண்டில் தில்லியில் நடந்த பெரிய தர்பாரில் அவருக்கு இராசா என்னும் பட்டம் கிடைத்தது.

இளமன்னர் ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் நாள் நெருங்கியது. 1881ஆம் ஆண்டில் மாதவராவ் அவருக்குத் தொடர்ச்சியாகப் பல சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். நாட்டின் வருவாய் மன்னரின் சொந்தப் பொருளன்று. அரண்மனைச் செலவுக்கு எல்லை வேண்டும். முகமன் கூறுவாரை நம்புதல் கேடு தரும். குடிகளின் நலமே அரசின் நோக்கம் என்பனபோன்ற கருத்துகளை எளிய முறையில் விளக்கினார். அவ்வுரைகள் நூலாகவும் அச்சேறின.

அவ்வாண்டின் இறுதியில் சயாசிராவ் முழுப் பொறுப்பையும் ஏற்றார். இளமன்னருக்குத் தம் விருப்பப்படி நடக்க ஆர்வம் மிகுந்தது. கருத்து வேற்றுமை தோன்றியது. 1882ஆம் ஆண்டில் மாதவராவ் அங்கிருந்தும் விலகினார். திருவிதாங்கூரில் நேர்ந்ததே மீண்டும் நேர்ந்தது. ஆனால் அவர் கற்பித்தவை வீண்போகவில்லை. ஆசிரியரைப் பிரிந்த அம்மாணாக்கர் இந்தியாவின் சிறந்த மன்னருள் ஒருவராக விளங்கினார். 1906ஆம் ஆண்டில் தம் நாடெங்கும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கினார். 1913ஆம் ஆண்டில் அம்பேத்கர் என்னும் இளைஞர் அமெரிக்காவில் உயர்கல்வி பெறப் பொருளுதவி செய்தவரும் அவரே.

இறுதி நாள்

மாதவராவ் சென்னைக்குத் திரும்பி மயிலாப்பூரில் வாழ்ந்தார். பெண்கல்வி, இளமை மணத்தின் தீமை முதலியவை பற்றி எழுதியும் பேசியும் வந்தார். 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இந்திய தேசியக் காங்கிரசின் மூன்றாவது மாநாடு சென்னையில் கூடியபோது வரவேற்புக் குழுவின் தலைவராக இருந்தார். சமத்தானங்கள் மூன்றில் அமைச்சராக இருந்தவர், மக்கள் மன்றத்தின் வாயிலில் நின்று விருந்தினரை வரவேற்றார். பின்னர் நோய்வாய்ப்பட்டு, 1891ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 4ஆம் நாள், அறுபத்து மூன்றாம் அகவையில் இயற்கை எய்தினார்.

ஆங்கில நாட்டுப் பொருளியல் அறிஞர் என்றி ஃபாசெட்டு என்பவர் மாதவராவைப் பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற நிதியமைச்சர் தூர்கோவோடு ஒப்பிட்டார். இருவரும் வணிகத்தின் தளைகளை அறுக்க முனைந்தவர். இருவரும் மன்னரின் நம்பிக்கையை இழந்து பதவி நீங்கியவர். ஆயின் தூர்கோ இரண்டாண்டுக்குள் நீங்கினார். அவர் நீங்கியதும் அவர் செய்த சீர்திருத்தங்களும் நீங்கின. மாதவராவ் நீங்கிய பின்னரும் அவர் செய்தவை நின்றன.

திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே அவருடைய உருவச்சிலை நிற்கின்றது. அச்சிலையால் அவ்விடத்துக்கே ஸ்டாச்சு என்று பெயர் வழங்குகின்றது. அங்கே பேருந்தினின்று இறங்குவோருள் பலர் சிலைக்குரியவர் யார் என்று கேட்பதில்லை.

மாணவர்களே! வள்ளுவப் பெருந்தகை அமைச்சு என்று தனி அதிகாரமே வகுத்துள்ளார் என்பதை நீவிர் அறிவீர். அமைச்சர்க்குரிய பண்புகளை அங்கே கற்கும்போது மாதவராவின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். அவருக்கு அரியணை இல்லை, படை இல்லை, நிலையான பதவியும் இல்லை. தாம் எந்நாளும் நீக்கப்படலாம் என்பதை அறிந்தவர் அவர். ஆதலின் தமக்குப் பின்னும் நிற்கத்தக்கவற்றையே செய்தார். தம் பெயரைக் கல்லில் வெட்டுவதை விட, குடியானவன் பெயரை நிலப் பதிவேட்டில் எழுதுவதே பெரிது என்று கருதினார்.

அடுத்த முறை குற்றாலத்துச் சாரலில் நனையும்போது மேற்கே கணவாயை நோக்குங்கள். காற்று தடையின்றி வருவதைக் காண்பீர்கள். செங்கோட்டை வழியாகச் சரக்கு வண்டிகள் மலையேறிச் செல்வதையும் காண்பீர்கள். காற்றுக்கு அவ்வழியை இயற்கை தந்தது. வண்டிக்கு அவ்வழியைத் திறந்தவருள் ஒருவர், கணக்கை நேர்மையோடு பார்த்த ஓர் அமைச்சர்.